வலக்கையில் கடிகாரம்

இடக்கைக் கடிகாரத்தைக் கழற்றி வலக்கையில் கட்டிக்கொள்கிறார் அக்கா. அவ்வளவுதான், அறை முழுக்கத் தெரிந்துவிடும். அக்கா எதையோ கையால் திறந்துவிட்டிருக்கிறார். மூடும்வரை காப்பி, கதை என்று யாரும் பக்கத்தில் போகக் கூடாது.

தேர்வு வாரியத்தின் கணினி அறையில் பதினாறு வருடமாக இருக்கிறார். வாய் ஓயாது, கண் திரையை விட்டு அகலாது. அங்குள்ள மெயின்ஃபிரேம் என்ற பெருங்கணினியில் மதிப்பெண் கூட்டும் வேலை, பட்டியல் போடும் வேலை, முடிவை வெளியிடும் வேலை என்று நாள் முழுக்க வரிசை நிற்கும். அதது ஓட நேரம் குறிக்கும் வழக்கம் அக்காவிடம் இல்லை. கணினிக்குள் ‘ரிசோர்ஸ்’ என்று ஒரு கதவு வைத்திருக்கிறார். அதற்கு இரண்டே நிலை: ‘உண்டு’, ‘இல்லை’. புதுக் கோப்பு வந்து சரிபார்த்து முடிந்தால் அது தானாகவே ‘உண்டு’ ஆகும். ‘இல்லை’ என்றால் அதை நம்பிய பதினொரு வேலையும் அசையாது. ‘உண்டு’ என்றால் பிடித்து நிறுத்த முடியாது.

"கதவு தொறந்தா ஓடும், சாத்துனா நிக்கும். இதுல என்ன பெரிய வித்தை?" என்பார். சொல்லும்போது முகத்தில் வழியும் பெருமையைப் பார்க்க வேண்டுமே!

அவர் சூடு கண்ட பூனை. மூன்று வருடத்துக்கு முன் அவசரத்தில் கையால் ‘உண்டு’ போட்டவர், திரும்ப மூட மறந்து தங்கை கல்யாணத்துக்குப் போய்விட்டார். மறுநாள் காலை, புது மதிப்பெண் வருமுன்பே, திறந்து கிடந்த கதவைக் கண்ட வேலைகள் பழைய கோப்போடு ஓடிவிட்டன. தேறிய நானூறு பிள்ளைகளுக்குத் தோல்வி என்று போயிற்று. மாலைக்குள் திருத்திவிட்டார்கள்தான். "அன்னிக்கு அந்த நானூறு வீட்லயும் யாரு சாப்பிட்டிருப்பா?" என்று இன்றும் கேட்பார். கடிகாரம் கை மாறத் தொடங்கியது அதன் பிறகுதான்.

போன வாரம் செவிலியர் தேர்வு முடிவு, நான்கு மணிக்கு. அக்காவின் அண்ணன் மகளும் எழுதியிருந்தாள்; இரண்டு முறை தோற்றவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. மூன்று இருபதுக்கு மேலதிகாரி ஓடிவந்தார்.

"கோப்புதான் வந்து கெடக்கேம்மா! தட்டி விடுங்களேன்!"

"அது நேத்து வந்தது சார். பேரு ஒண்ணு, ஆளு வேற. திருத்துன மார்க்கு இதுல இல்ல."

"ஊரே காத்திருக்கும்மா!"

"இருக்கட்டும் சார். பதறாத காரியம் சிதறாது."

சொல்லிவிட்டாரே தவிர, மேசைக்கடியில் கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பழைய கோப்பில் அண்ணன் மகள் பெயரைத் தேட ஒரு நிமிடம் போதும். தேடவில்லை.

மூன்று நாற்பத்தொன்றுக்குப் புதுக் கோப்பு வந்தது, சரிபார்ப்பும் முடிந்தது. தானாகத் திறக்க வேண்டிய கதவு திறக்கவில்லை! சரிபார்ப்பை யாரோ வேறு பெயரில் ஓடவிட்டிருந்ததால் கதவுக்கு அடையாளம் தெரியவில்லை. அக்கா புதுக் கோப்பிலுள்ள பெயர்களின் எண்ணிக்கையை இருமுறை பார்த்தார். கடிகாரம் வலக்கைக்குப் போயிற்று. ‘உண்டு’.

அடேயப்பா, ஓடின பாருங்கள்! மூன்று, ஏழு, பத்து… மூன்று ஐம்பத்தெட்டுக்குப் பதினொன்றும் முடிந்தன. அறையே கைதட்டியது. அதிகாரி நாற்காலியில் தொப்பென்று விழுந்தார்.

நான்கு மணி தாண்டியதும் கைபேசி அலறியது. அழுகையும் சிரிப்புமாக ஒரு குரல்: "அத்தே! நான் பா…"

"இருடி கண்ணு, ஒரு நிமிஷம்!"

கைபேசியைத் தோளில் இடுக்கியபடி ‘இல்லை’ என்று தட்டினார். திரையில் அது விழும்வரை பார்த்திருந்தார். வலக்கைக் கடிகாரத்தை அவிழ்த்து, இடக்கையில் கட்டி, வாரை இறுக்கிய பிறகுதான், "இப்ப சொல்லு" என்றார்.