பூஜ்யம் காட்டிய மீட்டர்: பெரம்பலூர், அரியலூரில் தனியாக மூன்று நாள்

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பெரம்பலூருக்குக் கிளம்பினேன். சுற்றிப் பார்க்க அல்ல, வேலைக்கு. பெரிய ஏர் கம்ப்ரசர்களைப் பழுது பார்ப்பதுதான் இருபது வருடமாக என் தொழில். பதினோரு வருடம் சக மெக்கானிக் பாஸ்கரனோடுதான் எல்லா ஊருக்கும் போய்க்கொண்டிருந்தேன். அவன் மஸ்கட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டான். "ஒரு ஆள் போதும், சின்ன வேலைதான்" என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். அப்படித்தான் முதல் முறையாகத் தனியாகப் போனேன். இந்தப் பக்கம் இதே மாதிரி வேலைக்கு வருகிறவர்கள் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

கிளாம்பாக்கத்தில் காலை 5.40க்கு அரசு பஸ். டிக்கெட் 235 ரூபாய். விக்கிரவாண்டி தாண்டி ஒரு ஹோட்டலில் இருபது நிமிடம் நின்றது. பையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் பன்னிரண்டு கிலோ டூல்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே போய் டீ குடித்தேன். தனியாகப் பயணம் செய்கிறவர்களுக்கு இது ஒரு பெரிய தொல்லை. கழிப்பறைக்குக்கூடப் பையோடுதான் போக வேண்டும்.

பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது மணி 11.15. அங்கிருந்து ஏழு கிலோமீட்டரில் ஒரு ஜல்லி கிரஷர். ஆட்டோவுக்கு 200 ரூபாய். பாறையில் துளை போடும் டீசல் கம்ப்ரசர், வேலை ஒன்றரை மணி நேரம்தான். ஹோஸ் இணைப்புகளில் பாதுகாப்புச் சங்கிலி இல்லை, கட்டு கம்பியால் முறுக்கி வைத்திருந்தார்கள். அழுத்தத்தில் கழன்ற ஹோஸின் இரும்பு முனை ஆளின் தாடையை உடைத்ததை நான் பார்த்திருக்கிறேன். கையில் இருந்த நான்கு சங்கிலிகளையும் மாட்டிவிட்டுத்தான் கிளம்பினேன்.

மாலை 4.20க்கு அரியலூர் பஸ். 32 கிலோமீட்டர், ஒரு மணி நேரம், 30 ரூபாய். வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரிகள். அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து லாட்ஜில் 650 ரூபாய்க்கு அறை. ரிசப்ஷனில் இருந்தவர், "ஒரு ஆளாங்க சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அறையில் இரண்டு கட்டில்கள் இருந்தன. ஒன்றில் டூல்ஸ் பையை வைத்துவிட்டு ஒன்றில் படுத்தேன். மனைவி பிரிந்துபோய் ஆறு வருடம் ஆகிறது. வீட்டிலும் இப்படித்தான், புதிதாக ஒன்றுமில்லை. ஆனால் வேலைக்கு வந்த ஊரில் அந்தக் காலிக் கட்டில் என்னவோ செய்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ரெட்டிபாளையம் போகும் சாலையில் ஒரு சிறிய ஆலை. ஆட்டோவுக்கு 220 ரூபாய். ஆலையின் பெயர் வேண்டாம். சிமென்ட் மூட்டைக்கான சாக்கு நெய்கிறார்கள். இரண்டு கம்ப்ரசர்கள் அடுத்தடுத்து நிற்க, இரண்டின் காற்றும் ஒரே பெரிய குழாயில் சேர்ந்து தறிகளுக்குப் போகிறது. முதல் மெஷினில் எண்ணெயையும் காற்றையும் பிரிக்கும் ஃபில்டரை மாற்ற வேண்டும். அது ஒரு இரும்பு டேங்க்குக்குள் இருக்கும். மேல்மூடியில் எட்டு போல்ட்டுகள். தறி நிற்கக் கூடாது என்பதால் இரண்டாவது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

கம்ப்ரசர் அறையில் ஒரே ஒரு ஆபரேட்டர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். பெயர் கேட்டேன். அந்தோணிசாமி என்றார். இடது பக்கம் நின்று பேசினால் கேட்காது, வலது பக்கம் வரச் சொன்னார். பதினான்கு வருடமாக அந்த இரைச்சலில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். காதடைப்பான் கொடுத்தது போன வருடம்தானாம். அதற்குள் ஒரு காது போய்விட்டிருக்கிறது.

மெஷினை நிறுத்தினேன். மெயின் சுவிட்சை அணைத்து, வேறு யாரும் போட்டுவிடாதபடி அதில் என் பூட்டைப் போட்டு, 'வேலை நடக்கிறது' என்ற அட்டையை மாட்டினேன். பெரிய குழாய்க்குப் போகும் வால்வை மூடினேன். காற்றை வெளியேற்றிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தேன். டேங்க்கின் அழுத்தத்தைக் காட்டும் மீட்டர் பூஜ்யம் காட்டியது.

இதற்குப் பிறகு இன்னொரு வேலை உண்டு. எண்ணெய் ஊற்றும் துளையின் மூடியை, அதாவது பிளக்கை, இரண்டு மூன்று சுற்று மெதுவாகத் தளர்த்திப் பார்க்க வேண்டும். உள்ளே காற்று மிச்சம் இருந்தால் சீறும். பாஸ்கரன் இருந்திருந்தால் ஸ்பானரை எடுக்கும்போதே, "பிளக் தளர்த்தியாச்சா?" என்று கேட்டிருப்பான். பதினோரு வருடம் அவன் கேட்டான், நான் செய்தேன். அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. நான் நேராக மேல்மூடிக்குப் போய்விட்டேன்.

முதல் போல்ட் கழன்றது. இரண்டாவதும் கழன்றது. மூன்றாவதில் ஸ்பானரை வைத்தேன்.

"சார், நிறுத்துங்க."

திரும்பினேன். அந்தோணிசாமி என் மெஷினிலிருந்து போகும் குழாயில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"இந்த பைப்பு நடுங்குது சார்."

"அது பக்கத்து மெஷினோட அதிர்வுண்ணே."

"இல்ல சார். அது தடதடன்னு வரும். இது காத்து போற நடுக்கம். கைய வச்சுப் பாருங்க."

வைத்தேன். வால்வைத் தாண்டி என் டேங்க் பக்கம் இருந்த குழாய் அது. காற்று நிற்கும் குழாய் சும்மா கிடக்கும். இதுவோ மெல்ல அதிர்ந்தது, கைக்குச் சில்லென்றும் இருந்தது. மூடிய வால்வு சரியாக மூடவில்லை. ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது மெஷினின் காற்று அதன் வழியாக என் டேங்க்குக்குள் திரும்பி வந்துகொண்டிருந்தது.

மீட்டரைப் பார்த்தேன். பூஜ்யம்.

"அண்ணே, வெளிய வந்துடுங்க. அந்த மெஷினையும் நிறுத்திட்டு வந்துடுங்க" என்றேன்.

இரண்டாவது மெஷின் நின்றது. தறிகளுக்கான காற்றைச் சேமித்து வைக்கும் ரிசீவர் டேங்க்கையும் காலி செய்தோம். பிறகு நான் மட்டும் உள்ளே போய், முகத்தை விலக்கிக்கொண்டு பிளக்கை இரண்டு சுற்றுத் தளர்த்தினேன். சீறியது. எண்ணெய்ப் புகையோடு கிட்டத்தட்ட மூன்று நிமிடம் சீறியது. அவ்வளவு நேரமும் மீட்டர் முள் பூஜ்யத்திலேயே நின்றது. அதற்குப் போகும் சிறு குழாய் கரி பிடித்து அடைத்துப்போயிருந்தது.

உள்ளே எவ்வளவு அழுத்தம் இருந்தது என்று தெரியாது. மூன்று பார், அதாவது கார் டயரில் இருப்பதைவிடக் கொஞ்சம் அதிகம் என்று வைத்துக்கொண்டாலும், முப்பது சென்டிமீட்டர் அகல மூடியை இரண்டு டன்னுக்கு மேல் மேலே தள்ளிக்கொண்டிருந்திருக்கும். அந்த மூடிக்கு நேர் மேலே என் முகம் இருந்தது.

தறிகள் நின்றதும் மேனேஜர் ஓடி வந்தார். "ரெண்டையும் ஏன் சார் நிறுத்துனீங்க? அம்பது தறி நிக்குது."

வால்வு ரிப்பேர், மீட்டர் ரிப்பேர் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். இரண்டும் உண்மைதான். "வால்வு போயிடுச்சு, மீட்டர் அடைச்சிருக்கு. ஆனா நான் செக் பண்ணாம போல்ட்ட கழட்டினேன். அது என் தப்பு. இவர் சொல்லலன்னா இப்ப நான் உங்ககிட்ட பேசிட்டு இருக்க மாட்டேன்" என்றேன். மேனேஜர் அந்தோணிசாமியைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார்.

புது வால்வு திருச்சியிலிருந்து மறுநாள் காலைதான் வரும். கழற்றிய போல்ட்டுகளை இறுக்கி, என் பூட்டை அப்படியே விட்டுவிட்டு, இரண்டாவது மெஷினை மட்டும் ஓடவிட்டோம். வெளியே வேப்பமரத்தடியில் அந்தோணிசாமி தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கி முழுதையும் குடித்தேன்.

"முன்னாடியே தெரிஞ்சுதாண்ணே?" என்று கேட்டேன்.

"நீங்க மொத நட்ட கழட்டும்போதே தெரிஞ்சுது சார். மெக்கானிக் வந்தா ஓரமா நில்லு, வாயத் தொறக்காதன்னு எங்கிட்ட சொல்லி வச்சிருக்காங்க. சொல்லலாமா வேணாமான்னு ரெண்டு நட்டு வரைக்கும் யோசிச்சேன். அப்பறம், திட்டுனா திட்டிட்டுப் போறாருன்னு சொல்லிப்புட்டேன்."

இரண்டு போல்ட் நேரம் அவரும் அங்கே தனியாகத்தான் நின்றிருக்கிறார்.

மதியம் சும்மா கிடைத்தது. அறைக்குப் போகப் பிடிக்காமல் கீழப்பழுவூர் வழியாகத் திருமழபாடிக்குப் பஸ் ஏறினேன். 28 கிலோமீட்டர், 25 ரூபாய். சிவன் கோயில் நாலு மணிக்குத்தான் திறக்கும் என்றார்கள். கொள்ளிடக்கரையில் போய் உட்கார்ந்தேன். மணல் நிறைய, தண்ணீர் கொஞ்சம். நடந்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. போனை எடுத்துப் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். நூற்றெழுபது பேர். பாதிக்கு மேல் கடைக்காரர்களும் ஆலை மேனேஜர்களும். மிச்சப் பேரிடம் எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. 'நான் இன்றைக்குச் செத்திருப்பேன்' என்று சொல்ல, அதற்கு முன் எப்போதாவது சும்மா பேசியிருக்க வேண்டும். கோயில் திறந்ததும் உள்ளே போனேன். என்ன வேண்டிக்கொள்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். திரும்ப 6.10க்கு பஸ்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு இரண்டு மெஷின்களையும் நிறுத்தி, எல்லாக் காற்றையும் வெளியேற்றி, வால்வையும் மீட்டர் குழாயையும், வந்த வேலையான ஃபில்டரையும் மாற்றினோம். நான் ஒவ்வொரு படியையும் சத்தமாகச் சொல்லச் சொல்ல, அந்தோணிசாமி கையால் தொட்டுப் பார்த்து "ஆச்சு" என்ற பிறகுதான் அடுத்தது. அவரும் தன் பூட்டு ஒன்றைச் சுவிட்சில் மாட்டினார். மேனேஜர்தான் வாங்கிக் கொடுத்தார். பதினொன்றரைக்கு மெஷின் ஓடியது. ரிப்போர்ட்டில் என் தவறையும் எழுதினேன். அதற்காக ஆபீஸில் ஒரு மெமோ கிடைத்தது. இனி ஒற்றை ஆளாகப் போக மாட்டேன் என்றேன். ஆளுக்கு எங்கே போவது என்றார்கள். கடைசியில் வேலைத்தாளில் ஒரு வரி சேர்த்தார்கள்: மெக்கானிக்கோடு ஆலையின் ஆபரேட்டர் கடைசிவரை நிற்க வேண்டும், சந்தேகம் வந்தால் வேலையை நிறுத்த அவருக்கு உரிமை உண்டு.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். மதியத்துக்குள் கிளம்பினால் பெரம்பலூரில் சென்னை பஸ் சுலபமாகக் கிடைக்கும். தறி ஆலைகளில் வேலை என்றால் இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், பாகங்கள் திருச்சியிலிருந்துதான் வர வேண்டும். மீட்டரை நம்பி எதையும் திறக்காதீர்கள். பக்கத்து மெஷின் ஓடினால் அதன் காற்று உங்கள் பக்கம் வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அறைக்குள் நுழைந்ததும் அங்கே இருக்கும் ஆளிடம், "நான் ஏதாவது தப்பா செஞ்சா உடனே சொல்லுங்க" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவர் யோசித்துக்கொண்டு நிற்பார்.

கிளம்பும்போது அந்தோணிசாமி கேட் வரை வந்தார். என் போனில் தன் நம்பரைப் போடச் சொன்னார்.

"வூடு போயி சேந்ததும் ஒரு போன் அடிங்க சார்."

தாம்பரத்தில் வீட்டுக்குள் நுழையும்போது இரவு 7.35. விளக்கைப் போட்டேன். சும்மா சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். பிறகு அடித்தேன்.

"யாருங்க?"

"சென்னை கம்ப்ரசர் மெக்கானிக்குண்ணே."

"இருங்க, கேக்குற காதுல வச்சுக்கறேன்." போனை மாற்றும் சத்தம் கேட்டது. "சொல்லுங்க சார். சேந்துட்டீங்களா?"

"சேந்துட்டேண்ணே."

"சாப்டீங்களா?"

"இல்ல. இனிமேதான்."

"சாப்புடுங்க, நேரமாவுது. வச்சிடறேன்."

நாற்பது நொடிகூட ஆகவில்லை. போனை மேஜையில் வைத்துவிட்டுப் போய் அரிசி களைந்தேன்.