அத்தைக்கும் அம்மனுக்கும் பேச்சில்லாத வருடங்கள்

கல்யாணமாகி புக்கிட் செலம்பாவுக்குப் போன முதல் வெள்ளிக்கிழமை, விடிவதற்கு முன்பே அடுப்படியில் நெய் மணந்தது. எழுந்து போய்ப் பார்த்தேன். என் மாமியார் தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலை நுனியில் முடிந்துவிட்டு, வாயைத் துண்டால் கட்டிக்கொண்டு சர்க்கரைப் பொங்கல் கிண்டிக்கொண்டிருந்தார். மூச்சுக்காற்றுகூடச் சாமி சோற்றில் படக் கூடாது என்பதற்காக அந்தத் துண்டு. உதவிக்குக் கை நீட்டினேன். துண்டை இறக்கி, "குளிச்சிட்டியாம்மா?" என்றார். இல்லை என்றதும் கண்ணாலேயே என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார்.

பொங்கல் ஆனதும் பித்தளைப் பாத்திரத்தை ஏந்திக்கொண்டு பூஜை அறை வரை போனார். உள்ளே மாமனார் மணியும் கற்பூரத் தட்டுமாகக் காத்திருந்தார். அத்தை வாசலைத் தாண்டவில்லை. முகத்தைக் கூடத்துப் பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் உள்ளே நீட்டிப் பாத்திரத்தைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பிவிட்டார். மணிச் சத்தம் கேட்டபோது அவர் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தார்.

"நீங்க வரலையா அத்தை?"

"எனக்கும் அவளுக்கும் பேச்சில்ல."

"யாருக்கு?"

அத்தை முகவாயால் பூஜை அறையைக் காட்டினார். அங்கே மாட்டியிருந்தது மாரியம்மன் படம்.

அன்று சாயங்காலம் என் கணவர் விஷயத்தைச் சொன்னார். அவருக்கு ஓர் அண்ணன் இருந்தது எனக்குத் தெரியும். காய்ச்சலில் இறந்துவிட்டார் என்பதும் தெரியும். அதற்கு மேல் தெரியாது.

மாமாவும் அத்தையும் ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அந்தத் தோட்டத்து மாரியம்மன் கோயிலிலேயே தாலி கட்டிக்கொண்டவர்கள். காலையில் சேர்ந்து பால்மரம் வெட்டுவார்கள், பட்டையைக் கீறி ரப்பர் பால் இறக்குவார்கள். செவ்வாயும் வெள்ளியும் கோயிலைக் கூட்டிக் கழுவுவது மாமா, மாலை கட்டுவது அத்தை. திருவிழா வந்தால் இருவரும் விரதம் இருந்து பால்குடம் எடுப்பார்கள். தோட்டத்தை எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாற்றி, தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்த பிறகு இந்தச் சின்ன வீட்டுக்கு வந்தார்கள். கோயில் மட்டும் செம்பனை ஓரத்தில் அப்படியே நின்றது. அதனால் மாமா மோட்டார் சைக்கிளில் அத்தையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போய்வந்துகொண்டிருந்தார்.

திருவிழாவுக்குக் கொடியேற்றிய வாரத்தில் மூத்த மகனுக்கு டெங்கிக் காய்ச்சல் வந்தது. அத்தை மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து, அதைக் கைக்குள் பொத்திக்கொண்டு மருத்துவமனை நடையிலேயே உட்கார்ந்திருந்தாராம். பிள்ளை எழுந்து நடந்தால் தீ மிதிக்கிறேன் என்று வேண்டுதல். தேர் புறப்பட்ட சாயங்காலம் மகன் இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அத்தை பூஜை அறைக்குள் போனார். அந்த முடிச்சை அம்மன் படத்துக்கு முன்னால் வைத்தார். "ஒன் காசு ஒங்கிட்டயே இருக்கட்டும். இனிமே என்னயக் கூப்புடாத," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவர், பிறகு அதற்குள் கால் வைக்கவில்லை. கோயிலுக்கும் போகவில்லை.

நான் சுங்கைப் பட்டாணி டவுனில் வளர்ந்தவள். எங்கள் வீட்டில் சாமி கும்பிடுவது தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். அதனால் இதைக் கேட்டபோது, பாவம், மகனை இழந்த துக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் எதுவும் தோன்றவில்லை. கூடவே இருந்து பார்க்கப் பார்க்கத்தான் எனக்கு மலைப்பு வந்தது.

ஏனென்றால் அத்தை எதையும் குறைக்கவில்லை. பின்பக்கத்து மல்லிகைச் செடியில் சாயங்காலம் மொட்டுப் பறிப்பார். தரையில் விழுந்ததைத் தொடமாட்டார். முகர்ந்து பார்க்கவும் மாட்டார். அடர்த்தியாகக் கட்டி, வாழையிலையில் சுருட்டி, பூஜை அறை வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார். ஆடி மாதக் கூழுக்குக் கேழ்வரகைக் கழுவிக் காயவைத்துத் தானே கொண்டுபோய் அரைத்து வருவார். கூழ் காய்ச்சி, முருங்கைக்கீரை வதக்கி, மாமாவின் மோட்டார் கூடையில் ஏற்றி அனுப்புவார். கோயிலில் எல்லாரும் அந்தக் கூழைப் புகழ்வார்கள். காய்ச்சியவர் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் பொறுக்காமல் கேட்டுவிட்டேன். "பேச்சில்லாதவங்களுக்கு எதுக்கு அத்தை இவ்ளோ செய்யிறீங்க?"

அத்தை என்னை விநோதமாகப் பார்த்தார். "சண்டன்னா சோறு போடாம இருப்பாங்களா? என்னா பேச்சு பேசுற நீ?"

மாமா செய்தது அதைவிட மலைப்பாக இருந்தது. தினமும் பூஜை முடிந்ததும் ஒரு வெற்றிலையில் கொஞ்சம் திருநீறும் குங்குமமும் வைத்து, அடுப்படி ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போவார். எடுத்துக்கொள் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அத்தையும் அதை நெற்றியில் இட்டுக்கொண்டதில்லை. ஆனால் குப்பையில் போட்டதும் இல்லை. வேலையெல்லாம் முடிந்த பிறகு, வெற்றிலையை இரு கையாலும் ஏந்திக்கொண்டுபோய், மல்லிகைச் செடியின் அடியில், யார் காலும் படாத பக்கமாகப் பார்த்துக் கொட்டிவிட்டு வருவார். மாமா அதைப் பார்த்திருப்பார். பார்த்ததாகக் காட்டிக்கொண்டதில்லை. மறுநாள் மீண்டும் வெற்றிலை வைப்பார்.

திருவிழா ஏற்பாட்டுக்காகக் கூட்டம் போட்ட ஒருநாள் நானும் மாமாவோடு கோயிலுக்குப் போயிருந்தேன். நிர்வாகத்தில் இருந்த ஒருவர் எல்லார் முன்னாலும் கேட்டார். "என்னாண்ணே, ஒங்க வீட்டுப் பொம்பள இந்த வருசமும் வரமாட்டாங்களா? நாலு வார்த்த சொல்லிக் கூட்டிட்டு வரக் கூடாதா? சாமிகிட்டப் போயி யாராச்சும் கோவிச்சுக்குவாங்களா?"

மாமா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "கோவிச்சுக்கிட்டவ அவ. கோவம் யாரு மேலயோ, அந்த அம்மனே பேசாம இருக்காங்க. நடுவுல நீ யாரு தம்பி, நான் யாரு?"

திரும்பி வரும்போது மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து அவர் காதருகே கேட்டேன். "ஒரு தடவகூட நீங்க கூப்பிட்டதில்லையா மாமா?"

காற்றில் அவர் குரல் பாதிதான் கேட்டது. "பெத்தவம்மா அவ. நானும் பெத்தவன்தான். ஆனா எனக்கு அழுவறதுக்கு அந்த எடம் இருந்துச்சு. அவளுக்கு அதுவும் இல்லாமப் போயிருச்சு. அவள எப்புடிக் கூப்புடுறது?"



சில வருடங்கள் கழித்து, மாமா ஒரு சீனருடைய சின்ன ரப்பர் காட்டில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தபோது சுருண்டு விழுந்தார். பக்கவாதம். சுங்கைப் பட்டாணி மருத்துவமனையில் சேர்த்தோம். வலது கையும் காலும் அசையவில்லை, வாய் கோணிவிட்டது. அத்தை அழவே இல்லை. பகல் முழுவதும் கட்டிலருகே உட்கார்ந்து அவர் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலமானதும் எழுந்து, "வூட்டுக்குப் போவணும்," என்றார். துணி எடுக்கத்தான் போகிறார் என்று நினைத்துக் கூட்டி வந்தேன்.

வந்ததும் நேராகக் குளிக்கப் போனார். ஈரத்தலையோடு வந்து பூஜை அறை வாசலில் நின்றார். வாசல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றவர், உள்ளே போனார். எண்ணெய் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் போகாத காலத்தில் மாமா எல்லாவற்றையும் இடம் மாற்றி வைத்திருந்தார். நான் எடுத்துக் கொடுக்கப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, தானே தேடி எடுத்து, திரி திரித்து விளக்கை ஏற்றினார். கும்பிடவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, படத்தை நேருக்கு நேர் பார்த்துப் பேசினார்.

"இது ஒனக்கு ஏத்துனது இல்ல. அவரு ஒரு நாளும் இத ஏத்தாம இருந்ததில்ல. அவரு வர்ற வரைக்கும் நான் பாத்துக்கிறேன். அவர அனுப்பி வச்சிரு. நம்ம சண்டய அப்புறம் வச்சிக்குவோம்."

குரல் உடையவில்லை, கெஞ்சலும் இல்லை. அடுத்த வீட்டுக்காரியோடு பேசுவதுபோலப் பேசினார். நான் பார்த்த எந்தக் கோயிலிலும், எந்தத் தைப்பூசத்திலும், இவ்வளவு பக்கத்தில் நின்று சாமியோடு பேசிய ஒருவரை நான் கண்டதில்லை. நான் அப்படியே கூடத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

மாமா வந்தார். பேச்சு குழறியது, நடப்பதும் தடியும் துணையுமாகத்தான். அவர் வந்த அன்றே அத்தை விளக்கை ஏற்றுவதை நிறுத்திவிட்டார். "வந்துட்டாருல்ல. இனி அவரு பாடு," என்றார். ஆனால் மாமாவுக்கு வலது கை எழவில்லை. தீக்குச்சியை இடது கையால் உரசப் பார்த்தார். பெட்டி கீழே விழுந்தது. மீண்டும் முயன்றார், மீண்டும் விழுந்தது. அத்தை அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து, தீப்பெட்டியை வாங்கி, "சொல்லுங்க, என்னா செய்யணும்?" என்றார்.

அன்று முதல் மாமா நாற்காலியில் உட்கார்ந்து குழறலாகத் துதி சொல்ல, அத்தை மணியடித்து, கற்பூரம் காட்டினார். முகத்தை மட்டும் மாமா பக்கமாகவே வைத்துக்கொண்டார். தட்டை அவரிடம் காட்டி, திருநீற்றை அவர் நெற்றியில் பூசிவிடுவார். தனக்கு இட்டுக்கொள்ளவில்லை.

எப்போது மாறியது என்று என்னால் சொல்ல முடியாது. ஒரு காலை, கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பூஜை அறையிலிருந்து அத்தையின் குரல் கேட்டது. "பசார்ல மீனு வெல கேட்டா வயிறெரியுது. நீ கேக்க மாட்டியா? பேரப்புள்ளைக்கு இருமல் நிக்கல. அதையாவது பாரு." யாரோடு பேசுகிறார் என்று எட்டிப் பார்த்தேன். படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார். நெற்றியில் குங்குமம் இருந்தது.

கூடத்தில் மாமா காப்பி குடித்துக்கொண்டிருந்தார். "எப்ப மாமா பேச ஆரம்பிச்சாங்க?" என்று கிசுகிசுத்தேன். அவர் கோணிய வாயால் சிரித்தார். "ரெண்டு பொம்பளைங்க வெவகாரம். நமக்கெதுக்கு?"

மாமா போன வருடம் தூக்கத்திலேயே போய்விட்டார். அத்தை மறுபடியும் கோபித்துக்கொள்வாரோ என்று நாங்கள் எல்லோரும் பயந்தோம். அவர் மாமாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் நாற்காலி போடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அஸ்தி கரைக்கக் கோத்தா கோலா மூடாவுக்குப் போனோம். பெண்கள் வர வேண்டாம் என்றார்கள் உறவுக்காரர்கள். அத்தை காதில் வாங்கவில்லை. எனக்கு முன்னால் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஆறு கடலில் சேரும் இடத்தில் படகுக்காரர், ஒரு மலாய்க்காரர், இன்ஜினை நிறுத்திவிட்டு, "பெலான் பெலான், மக்சிக்," என்று, மெதுவாக என மலாயில் சொல்லி, அத்தையின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். என் கணவர் பானையைத் தண்ணீரில் விட்டார். அத்தை குனிந்து, அலையில் விரலை நனைத்துச் சொன்னார்.

"பாத்துப் போங்க. பெரியவனப் பாத்தா, ஆத்தா சாப்ட்டாளான்னுதான் மொதல்ல கேப்பான். சாப்ட்டா, நல்லா இருக்கான்னு சொல்லுங்க."

என் கணவர் அழுதார். நானும் அழுதேன். படகுக்காரர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் அத்தை வெகுநேரம் வெளியே வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "பூச ரூம்பு தெரைய இழுத்து வுட்டியாம்மா?" என்றார். பதினாறு நாள் தீட்டுக்குப் பூஜை கிடையாது, இழுத்துவிட்டேன் என்றேன்.

"நல்லது. அவளும் கொஞ்ச நாளு ஓய்வா இருக்கட்டும். எங்க ரெண்டு பேரையும் வச்சிக்கிட்டு அவ பட்ட பாடு கொஞ்சமா?"

சொல்லிவிட்டு என் தோளில் தலையைச் சாய்த்தார். சுங்கைப் பட்டாணி வருவதற்குள் தூங்கிப்போனார்.