அக்கா பிரித்து வைத்த புழுக்கள்

என் மேசையின் கடைசி இழுப்பறையில் விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குப்பி இருக்கிறது. உள்ளே ஸ்பிரிட், அதில் ஒரு சிறு காகிதச் சீட்டு. பென்சிலால் தெலுங்கு எழுத்தில் மாதிரியின் எண்ணும், அதன் கீழே ‘வேற’ என்று ஒரே ஒரு சொல்லும் எழுதியிருக்கும். முன்பு அதில் இரண்டு புழுக்கள் இருந்தன. அவற்றின் மரபணுவைப் படித்துத்தான் நான் பெயர் வாங்கினேன். இப்போது சீட்டு மட்டுமே மிச்சம். ஸ்பிரிட் குறையும்போதெல்லாம் ஊற்றி நிரப்பி வைக்கிறேன். எதற்கு மேடம் என்று என் ஆய்வு மாணவி ஒருமுறை கேட்டாள். பழைய மாதிரி, கை வைக்காதே என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

சீட்டை எழுதியவர் எங்கள் ஆய்வுக்கூடத்தில் தற்காலிக உதவியாளராக இருந்த அக்கா. ஆந்திராவில் பூதலப்பட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். வீட்டில் பேசுவது தமிழ், பள்ளியில் படித்தது தெலுங்கு. அவருடைய நைனா, அதாவது அப்பா, ஆயுள் முழுக்க அடுத்தவர் நிலத்தில் குனிந்து நிமிர்ந்தவர். அக்காவும் சித்தூர்ப் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் நாளெல்லாம் நின்றபடி பழம் பிரித்திருக்கிறார். அங்கிருந்து திருப்பதிக்கு வந்து எங்களிடம் சேர்ந்தார். “எங்க வூட்ல நாற்காலில குந்திக்கினு வேல செய்யற மொத ஆளு நாந்தாம்மா” என்பார். அந்த நாற்காலி ஆண்டுக்கு ஆண்டு துறைத் தலைவர் போடும் கையெழுத்தில் நின்றது. அது எனக்கு நன்றாகவே தெரியும். நான் அரக்கோணத்திலிருந்து போய் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். தெலுங்கு பாதி புரியும், பாதி புரியாது. என் ஊர்ப் பேச்சைப் பேச எனக்கு அங்கே அவர் ஒருவர்தான் இருந்தார். மதியம் தவறாமல் “துன்னியாம்மா?” என்று கேட்பார்.

எங்கள் வேலை ஆழ்கடல் புழுக்களோடு. வெளிச்சமே எட்டாத ஆழத்தில், கடலடிச் சேற்றிலிருந்து வாயு கசியும் இடங்கள் உண்டு. அழுகிய முட்டை நாற்றமடிக்கும் நஞ்சு அங்கே தேங்கி நிற்கும். மற்ற உயிர்கள் சாகிற அந்த இடத்தில் இந்தப் புழுக்கள் சொகுசாகக் குடும்பம் நடத்துகின்றன. எந்த மரபணு அவற்றுக்கு அந்தத் தெம்பைக் கொடுக்கிறது என்பதுதான் எங்கள் கேள்வி. கப்பலில் போனவர்கள் அள்ளி வந்த புழுக்கள் ஸ்பிரிட் ஜாடிகளில் எங்களுக்கு வந்து சேரும். முதல் ஜாடியைத் திறந்த அன்று அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு, “கடலுக்கு அடியிலயும் சாக்கட இருக்குதாம்மா?” என்று கேட்டார். அதைவிடத் தெளிவாக நான் இன்றுவரை யாருக்கும் விளக்கியதில்லை.

புழுக்களைப் பிரிக்கும் வேலைக்கு ஒரு கண்டிப்பு உண்டு. ஒன்றைத் தொட்ட இடுக்கியை பிளீச்சிங் தண்ணீரில் முக்கி, நல்ல தண்ணீரில் அலசி, ஸ்பிரிட் விளக்கில் காட்டிய பிறகுதான் அடுத்ததைத் தொடலாம். ஒன்றின் துளிச் சதை இன்னொன்றில் ஒட்டினாலும் மரபணு கலந்து முடிவு கெட்டுவிடும். அக்கா உதட்டுக்குள், “முக்கு, அலசு, காட்டு” என்று சொல்லிக்கொண்டே செய்வார். யாராவது கூப்பிட்டால்கூட அந்த மூன்றும் முடிந்த பிறகுதான் திரும்பிப் பார்ப்பார். அவசரம் வந்தால் விளக்கில் காட்டாமல் விட்டவள் நான். அவர் ஒருநாளும் விட்டதில்லை.

ஒருநாள் ஒரே ஜாடிப் புழுக்களை அவர் இரண்டு கிண்ணங்களில் பிரித்து வைத்திருந்தார். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். தலை, செவுள், முள் எல்லாம் ஒன்றாகவே இருந்தன. ஏன் பிரித்தீர்கள் என்று கேட்டேன்.

“பாக்க ஒண்ணுதாம்மா. இடுக்கில புடிச்சா தெரியுது. இது தொவண்டு போவுது, அது வெறப்பா நிக்குது. ரெண்டும் வேற வேற.”

“இது மாங்கா இல்லக்கா, அமுக்கிப் பாத்துப் பிரிக்க” என்றேன். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு கிண்ணம் என்றால் இரண்டு பதிவு, இரண்டு மடங்கு வேலை. அறிக்கை கொடுக்க வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒன்றை எடுத்து மற்றதில் கொட்டினேன். “கொட்டாதம்மா” என்று அவர் கையை நீட்டினார். அதற்குள் கொட்டியாகிவிட்டது.

மரபணு முடிவு வந்தபோது ஒரே வகை என்று நான் எழுதிக் கொடுத்த புழுக்களில் இரண்டு வகை மரபணு வரிசைகள் இருந்தன. கூட்டத்தில் தலைவர் தாளைத் தட்டிக் காட்டி, இது எப்படி என்று கேட்டார். எனக்குக் கிண்ணங்கள் நினைவுக்கு வந்தன. வராமல் இல்லை. அதைச் சொன்னால் கொட்டியதையும் சொல்ல வேண்டும். இடுக்கியைச் சரியாகக் கழுவாமல் கலந்திருக்கலாம் சார் என்றேன். யார் பிரித்தது என்று கேட்டார். அக்காவின் பெயரைச் சொன்னேன்.

அவரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து நின்றார். தலைவர் தெலுங்கில் கேட்டார், அக்காவும் தெலுங்கிலேயே பதில் சொன்னார். இடுக்கியை நெருப்பில் காட்டாமல் ஒருமுறைகூட எடுத்ததில்லை என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, தமிழில், “மேடத்தையே கேளுங்க சார்” என்றார். அதுவரை அவர் என்னை ‘அம்மா’ என்றுதான் அழைத்திருக்கிறார். அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கையில் இருந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைவர் சரி, நீங்கள் போகலாம் என்று அவரை அனுப்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஆண்டு கையெழுத்து விழவில்லை. கடைசி நாள் இடுக்கிகளை எல்லாம் கழுவித் துணியில் வரிசையாக அடுக்கிவிட்டு, இந்தக் குப்பியை என் மேசையில் வைத்தார்.

“நீ கொட்றதுக்கு முன்னாலயே ரெண்டு எடுத்து வெச்சிருந்தேன். வெறப்பா நிக்கற வக. நேரம் கெடச்சா பாரு.”

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். குப்பியை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். ஒரு வருடத்துக்கு மேல் அதைத் திறக்கவே இல்லை.

திறந்து சோதித்தபோது எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. குப்பியில் இருந்த இரண்டும் அந்த இரண்டாவது வகை. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் துவண்ட வகையும் விறைத்த வகையும் வேறு வேறு இனங்கள். நஞ்சைத் தாங்கும் மரபணுவே இரண்டிலும் வேறு மாதிரி அமைந்திருந்தது. கட்டுரை வெளிவந்தது. தலைவர் எல்லோர் முன்னாலும், கலப்படம் என்று விட்டுவிடாமல் தோண்டிப் பார்த்த பெண் என்று என்னைப் பாராட்டினார். அந்த இரண்டையும் நானே பிரித்து வைத்திருந்ததாக அவர் எண்ணிக்கொண்டார். நான் திருத்தவில்லை. நன்றி சொல்லும் பகுதியில் ‘ஆய்வுக்கூட உதவியாளர்களுக்கு’ என்று பொதுவாக ஒரு வரி போட்டேன். என்ன தாராளம். அந்தக் கட்டுரையைக் காட்டித்தான் நிரந்தர வேலையும் வாங்கினேன்.

அக்கா பழைய மாங்கூழ் ஆலைக்கே திரும்பிவிட்டதாகக் கேள்விப்பட்டு, போன மாம்பழப் பருவத்தில் சித்தூருக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று பேருந்தில் வாக்கியங்களைக்கூடத் தயார் செய்திருந்தேன். ஆலை வாசலில் டிராக்டர்கள் பெங்களூரா ரக மாங்காயோடு வரிசையில் நின்றன. அக்கா தலையில் வலைத் தொப்பியோடு வெளியே வந்தார். கால் வீங்கியிருந்தது. நாளெல்லாம் நிற்கிற கால். என்னை அடையாளம் கண்டதும் முதலில் கேட்டது இதுதான்:

“அந்தப் புழு வேறதான?”

“ஆமாக்கா. நீங்க சொன்னதுதான் சரி.”

தலையை ஆட்டினார். பிறகு, “சாருக்குத் தெரியுமா? நா ஒழுங்காத்தான் கழுவுனேன்னு?” என்றார்.

“தெரியும்க்கா, சொல்லிட்டேன்” என்றேன்.

“அது போதும்மா.” முகம் அப்படியே தளர்ந்து மலர்ந்தது. “இத்தினி வருசமா அதான் உறுத்திக்கினே இருந்திச்சி.” ஒரு நிமிஷம் என்று உள்ளே ஓடி, பழுத்த பழமாகப் பார்த்து நாலு கொண்டுவந்து என் பையில் போட்டார். ஆலைச் சங்கு ஊதியதும் வேலைக்குத் திரும்பிவிட்டார்.

நான் ஒரு பழத்தைக்கூடத் தின்னவில்லை. அறையில் வைத்து அழுகவிட்டேன்.

இன்று காலையும் இழுப்பறையைத் திறந்து குப்பியில் ஸ்பிரிட் நிரப்பினேன். பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும், பென்சில் கரையாது. அதனால்தான் மாதிரிச் சீட்டைப் பென்சிலால் எழுதுகிறோம். அக்காவின் எழுத்து எழுதிய அன்று இருந்த மாதிரியே இருக்கிறது. தலைவர் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் வீடு இங்கிருந்து நடந்தால் பதினைந்து நிமிடம். நான் இன்னும் போகவில்லை.