மூன்று நாள் முந்திய தேதி

பல்கலைக்கழக அரசறிவியல் துறை அலுவலகத்து கிளார்க் அக்காவுக்கு ஒரு பழக்கம். முதுகலை மாணவர்களுக்கு உதவித்தொகை அறிவிப்பு வந்தால், கடைசித் தேதியை மூன்று நாள் முன்னதாகப் போட்டுத்தான் பலகையில் ஒட்டுவாள்.

இந்த முறை, அந்தத் தேதிக்கு மறுநாள் ஒரு மாணவி விண்ணப்பத்தோடு வந்து கண்ணைக் கசக்கினாள்.

“அம்மாவை ஆஸ்பத்திரியில சேர்த்திருந்தோம் அக்கா. கோட்டை விட்டுட்டேன்.”

“மூக்கைத் துடை. இன்னும் ரெண்டு நாள் இருக்கு. உங்க லட்சணம் தெரிஞ்சுதான் முன்னாடியே போட்டேன். வெளியே மூச்சு விட்டே, தொலைச்சுடுவேன்” என்று அக்கா விண்ணப்பத்தை வாங்கி முத்திரை குத்தினாள்.

அடுத்த அறிவிப்பைக் கையெழுத்துக்காகத் துறைத் தலைவரிடம் நீட்டினாள். அதிலும் கடைசித் தேதி மூன்று நாள் முந்தியிருந்ததை அவர் கவனித்தார். பதினெட்டு வருடம் முன்பு தேதி தவறிய விண்ணப்பத்தோடு அக்காவின் மேசை முன் மூக்கைச் சிந்தியவர்தான்.

“சரியா இருக்கு அக்கா” என்று கையெழுத்துப் போட்டார்.