மந்திரிக்குப் போட வேண்டிய மாலை

மந்திரி என்பவர் பார்க்க எப்படி இருப்பார் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. எட்டு வயதில் நான் செய்த தவறுக்கு இதைச் சமாதானமாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நீ கேட்டிருக்கலாமே என்று மனம் உடனே திருப்பிக் கேட்கிறது. எதையும் இப்படி இரண்டு பக்கமும் புரட்டிப் பார்க்காமல் என்னால் விட முடிவதில்லை. இப்போது விழுப்புரத்தில், ரயில்வே குடியிருப்பில், நான்கு வயது மகளுக்கு ஆற்றிய பால் ஆறிவிட்டதா என்று மூன்று முறை தொட்டுப் பார்க்கிறவள் நான்.

அப்போது நாங்கள் திண்டிவனத்தில் இருந்தோம். அப்பாவுக்குத் தாலுகா ஆபீசில் கிளார்க் வேலை. அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அந்த வருஷம் எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தாள். எங்கள் தெருவில் அதைத் தேறிய முதல் பெண் அவள்தான். அடுத்து மெட்ராசில் காலேஜில் சேர்ந்து சயின்ஸ் படிக்க வேண்டும் என்றாள். கூட்டேரிப்பட்டில் இருந்த அத்தை, ஆவணியில் அவளைத் தன் மகனுக்குக் கட்டிவைக்க வேண்டும் என்றாள். அத்தை மகன் கூட்டேரிப்பட்டில் சைக்கிள் கடை வைத்திருந்தான். நல்லவன்தான். எனக்குப் பழைய டியூபை வெட்டிப் பந்து செய்து கொடுத்திருக்கிறான்.

அக்காவிடம் ஒரு நோட்டு இருந்தது. கடையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மடித்துத் தரும் பழைய பேப்பரில் பெண்ணின் படம் ஏதாவது வந்திருந்தால் அதைக் கத்தரித்துச் சோற்றுப் பருக்கையால் ஒட்டுவாள். ஆகாய விமானத்தின் இறக்கைக்குப் பக்கத்தில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்ற ஒருத்தி, ஆராய்ச்சிக்கூடத்தில் மைக்ராஸ்கோப்பில் ஒரு கண்ணை வைத்திருந்த ஒருத்தி, தேர்தலில் ஜெயித்துக் கைகூப்பிய ஒருத்தி. எண்ணெய்க் கறையில் பாதி முகங்கள் தெரியாது. ஒவ்வொரு படத்தின் கீழும் பிறந்த ஊர், படித்த படிப்பு, செய்த காரியம் என்று எழுதியிருப்பாள். கடைசி வரி எப்போதும் ‘தடுத்தவர்’. விமானம் ஓட்டியவளுக்குத் தடுத்தவர் ஊரார். ஆராய்ச்சி செய்தவளுக்குத் தடுத்தவர் பெரியப்பா. இதெல்லாம் பேப்பரிலேயே இருந்ததா, அக்காவாக எழுதிக்கொண்டதா என்று எனக்குத் தெரியாது. மந்திரியான ஓர் அம்மாளின் படத்துக்குக் கீழே, ‘இளம் வயதில் ஜெயிலுக்குப் போனவர். தடுத்தவர்: எல்லோரும்’ என்று இருந்தது.

அந்த மந்திரி அம்மாள் விழுப்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டடம் திறக்கப் போகிற வழியில் திண்டிவனம் டிராவலர்ஸ் பங்களாவில் கொஞ்ச நேரம் நிற்பார் என்று தெரியவந்தது. எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு குழந்தை மாலை போட வேண்டும். கிழியாத பாவாடை இருந்ததால் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அக்கா உடனே மனு எழுத உட்கார்ந்துவிட்டாள். மெட்ராசில் தங்குவதற்கு அரசாங்க ஹாஸ்டலில் ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான். பெண்ணை எங்கே தங்கவைப்பது என்பதுதான் அப்பாவின் ஒரே கவலை. அதற்கு வழி கிடைத்தால் அவர் வேண்டாம் என்று சொல்ல முடியாது. மனு என்றதும் அப்பாவுக்கும் உற்சாகம் வந்துவிட்டது. ‘கனம் மந்திரி அம்மையார் அவர்கள் சமூகத்துக்கு’ என்று ஆரம்பித்து நான்கு முறை திருத்தினார். ஐந்தாவது முறை அக்கா அதைச் சுத்தமாக எழுதி, குழலாகச் சுருட்டி, சிவப்பு நூலால் கட்டி என்னிடம் தந்தாள். மாலையைப் போட்டதும் இதைக் கையில் கொடுத்துவிட வேண்டும்.

காலை ஏழு மணிக்கே எங்களைப் பங்களா வாசலில் நிறுத்திவிட்டார்கள். பதினொன்றுவரை கார் வரவில்லை. மாலையின் ஈரம் பாவாடையில் இறங்கியது. கையில் இருந்த குழல் வியர்வையில் நெளிந்தது. மதிற்சுவருக்கு வெளியே கூட்டத்தில் அக்கா நின்றிருந்தாள். அவள் பக்கத்தில் நின்ற பெண்கள் பேசியது எனக்கு நன்றாகக் கேட்டது.

“ஏம்மே, மந்திரி வூட்ல யாரு சோறாக்கறது?”

“அவங்க வூட்டுக்காரு ஆக்குவாரு.”

“அப்டின்னா நானும் மந்திரி ஆயிட்றேன் போ.”

தலைமையாசிரியை கடைசியாக ஒரு முறை வந்து என் மூக்கைத் துடைத்துவிட்டார். “கார் வந்து நின்னதும் அம்மா எறங்குவாங்க. ஜல்தியா ஓடிப் போய்ப் போட்டுடணும். அழக்கூடாது, தெரிதா?”

கார் வந்து நின்றது. பின் கதவு திறந்து ஓர் அம்மாள் இறங்கினார். அரக்குப் பட்டு, இரண்டு பக்கமும் வைர மூக்குத்தி, கையில் வெள்ளிச் சந்தனக் கிண்ணம். மந்திரி என்றால் ராஜாவுக்குப் பக்கத்தில் உட்காருகிறவர் என்றுதான் என் கணக்கு. நான் ஓடினேன். அவர் சிரித்துக்கொண்டே குனிந்தார். மாலையைப் போட்டேன். மனுவை நீட்டினேன். சந்தனம் தோய்ந்த விரல்களால் வாங்கினார். காகிதத்தின் மேல் நான்கு மஞ்சள் விரல் தடம் விழுந்ததை நான் பார்த்தேன். எழுத்து அழிந்துவிடுமோ என்பதுதான் அந்த நொடியில் என் பயம்.

பிறகுதான் டிரைவருக்குப் பக்கத்து இருக்கையிலிருந்து இன்னொருவர் இறங்கினார். ஒல்லியாக, கறுப்பாக, நீலக் கரை போட்ட வெள்ளை நூல் புடவை, காதில் சின்னத் தோடு. எங்கள் பள்ளிக்கூடத் தையல் டீச்சர் மாதிரி இருந்தார். எல்லோரும் அவரைப் பார்த்துக் கும்பிட்டார்கள். பட்டுப் புடவைக்காரர் ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரின் மனைவி. மந்திரியை ஊர் எல்லையில் எதிர்கொண்டு அழைத்து வந்தவர். “கொழந்த பயந்துடுச்சி” என்று சொல்லி அவரே மாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். மாலை உரியவரிடம் போய்விட்டது. மனு பட்டுப் புடவைக்காரர் கையிலேயே இருந்தது. அதை வைத்து ஈ விரட்டினார். பிறகு வராந்தா நாற்காலியில் வைத்தார். யாரோ அந்த நாற்காலியை நகர்த்தியபோது அது கீழே உருண்டது.

மந்திரி இளநீர் குடித்தார். என்னிடம் வந்து கன்னத்தைத் தொட்டு, எத்தனாவது படிக்கிறாய் என்று கேட்டார். நாற்காலியைக் காட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மூன்றாவது என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. கார் போய்விட்டது.

கார் மறைத்ததில் எதையும் பார்க்க முடியாத அக்கா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவள் முகம் பளபளத்தது.

“குடுத்தியாடி?”

“குடுத்தேன்.”

“மந்திரி கைலயே?”

“உம்.”

அக்கா என்னைக் கொஞ்சம் பார்த்தாள். “நீ வூட்டுக்கு நட. டீச்சர்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வர்றேன்” என்று பங்களாவுக்குள் போனாள். அவள் வீட்டுக்கு வர வெகு நேரமாயிற்று.

அன்று மாலையே அத்தை வந்துவிட்டாள். அவள் அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிறவள். போய்விட்டுத் திரும்பும்போது எங்கள் வீட்டில் இறங்கிக் குங்குமம் தந்து, கல்யாணப் பேச்சை எடுப்பாள்.

“ஏண்ணே, ஆத்தாகிட்ட சொல்லிட்டு வந்துட்டேன். ஆவணில முடிச்சிடலாம்.”

அக்கா அடுக்களை வாசலில் வந்து நின்றாள். அழுத முகம். இடுப்புச் செருகலில் ஒரு கையை வைத்திருந்தாள். “அப்பா” என்று கூப்பிட்டாள். அப்பா அதற்குள் அத்தைக்குப் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

“இப்ப ஒண்ணும் சொல்றதுக்கில்லம்மா. மந்திரியம்மாகிட்ட மனு குடுத்திருக்குது. அது பெண்டிங்ல இருக்குது.”

“உன் பொண்ண என் புள்ளைக்குக் குடுக்க மெட்ராஸ்லேர்ந்து ஆர்டர் வரணுமா?”

“ஆர்டர் இல்ல, பதில். மனு பெண்டிங்ல இருக்கறப்ப நாம இன்னொரு முடிவு எடுக்கக்கூடாது. நாளைக்கு எடம் குடுத்துட்டோம், பொண்ணு எங்கன்னு கேட்டா நான் இன்னா சொல்றது?”

“கட்டிக்குடுத்துட்டேன்னு சொல்லு. தூக்குலயா போட்டுடுவாங்க?”

அப்பா கையை விரித்தார். இருபது வருஷமாக ஆபீசில் அவர் கற்றுக்கொண்ட ஒரே தர்மம் அது. நிலுவையில் இருக்கும் காகிதத்தைத் தாண்டிப் போகக்கூடாது. அக்கா அவரையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள். “இன்னாம்மா கூப்ட்ட?” என்று அப்பா கேட்டார். “ஒண்ணுமில்லப்பா” என்று உள்ளே போய்விட்டாள்.

அதன்பிறகு எனக்கு நிம்மதி இல்லை. தினமும் பதினோரு மணிக்குத் தபால்காரரின் சைக்கிள் மணி வகுப்பறைவரை கேட்கும். நான் எழுதுவதை நிறுத்திவிடுவேன். பதில் வராது என்று ஊரிலேயே எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆவணி போயிற்று, ஐப்பசி போயிற்று. அத்தை ஒவ்வொரு அமாவாசைக்கும் குங்குமத்தோடு வந்தாள். “உன் மந்திரி இன்னாடி, எழுதப் படிக்கத் தெரிஞ்சவதானா?” என்று அக்காவைக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் அக்காவிடம் ஒரே பதில்தான் இருந்தது. “வரட்டும் அத்த. வந்ததும் பாத்துக்கலாம்.” அவள் அவ்வளவு நம்பிக்கையாகச் சொல்லச்சொல்ல நான் அவள் கண்ணில் படாமல் நழுவினேன்.

ஒரு நாள் அவள் எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

“அக்கா…”

“இன்னா?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லன்னா ஆடாம குந்து.” பின்னலை இறுக்கினாள். கண்ணில் நீர் வந்தது. அது பின்னல் இழுத்ததால்தான் என்று வைத்துக்கொண்டேன்.

மார்கழியில் அப்பா ஒரு காரியம் செய்தார். ஆபீசில் பதில் வராத காகிதத்துக்கு எல்லோரும் செய்வதுதான். முன்னே கொடுத்த மனுவைக் குறிப்பிட்டு ஒரு ‘ரிமைண்டர்’ எழுதி, கவரில் போட்டு, பள்ளிக்கூடம் போகிற வழியில் தபால்பெட்டியில் போடச் சொல்லி என்னிடம் தந்தார். அந்தச் சிவப்புப் பெட்டியின் முன்னால் நான் நின்ற நேரத்தில் முதல் மணி அடித்து, இரண்டாம் மணியும் அடித்துவிட்டது. போட்டால் என் குட்டு உடைந்துவிடும். போடாவிட்டால் இரண்டு பொய்யாகிவிடும். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு போட்டேன்.

சாயங்காலம் அக்கா கேட்டாள். “போட்டியாடி?”

“போட்டேன்.”

இந்த முறை அவள் மறுகேள்வி கேட்கவில்லை. என் தலையில் கையை வைத்தாள்.

மாசியில் பதில் வந்தது. அரசாங்க முத்திரை போட்ட நீளக் கவர். அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்துதான் பிரித்தார். நான் விறகுக் கொட்டகைக்கு ஓடி ஒளிந்துகொண்டேன். அவர் உரக்கப் படித்தது அங்கே கேட்டது. தாங்கள் குறிப்பிடும் மனு இந்த அலுவலகத்துக்கு வந்து சேரவில்லை. ஹாஸ்டலில் இடம் வேண்டுவோர் இத்துடன் அனுப்பியுள்ள பாரத்தைப் பூர்த்தி செய்து அனுப்பலாம்.

என் பெயர் சொல்லிக் கூப்பிடப்போகிறார்கள் என்று காத்திருந்தேன். அப்பாவின் சிரிப்புத்தான் கேட்டது.

“பாத்தியா? மந்திரி ஆபீசா இருந்தா மட்டும் இன்னா, அங்கியும் காகிதம் தொலையுது!”

தன் ஆபீசைப் பற்றி அவருக்கு இருந்த வெட்கமெல்லாம் அன்றோடு தீர்ந்த மாதிரி இருந்தது. அடுத்த வாரம் அத்தை வந்து, “வரலைன்னு சொல்லிட்டாங்க இல்ல, அப்புறம் இன்னா பேஜாரு?” என்று கேட்டாள். அப்பா பாரத்தை எடுத்துக் காட்டினார். “கவர்மென்ட் பாரம் அனுப்பியிருக்குது. அத நெரப்பாம வெக்கறதா?” முதலில் பென்சிலால் நிரப்பினார். பிறகு மையால். காலிக் கட்டம் ஒன்று கண்ணில் பட்டால் அவருக்குத் தூக்கம் வராது. அத்தை கோபித்துக்கொண்டு போய்விட்டாள். சித்திரையில் சைக்கிள் கடைக்காரனுக்கு விக்கிரவாண்டியில் பெண் எடுத்தார்கள். ஆனியில் அக்கா மெட்ராசுக்கு ரயில் ஏறினாள்.

இப்போது அவள் அங்கே ஓர் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டிருக்கிறாள். அந்த நாளைப் பற்றி நானும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. நேற்று என் மகள் பாலைத் துளசித் தொட்டியில் ஊற்றிவிட்டு, “குட்ச்சிட்டேம்மா” என்றாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கண்டிக்க வாயெடுத்தேன், முடியவில்லை. செய்தது சரியா தப்பா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா ரயில் ஏறுவதற்கு முன் அந்த நோட்டை என்னிடம் தந்து, “இனிமே நீ ஒட்டு” என்றிருந்தாள். மறுநாள் அதைப் பிரித்துப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் படம் எதுவும் இல்லை. அக்கா தன் பெயரை எழுதி, பிறந்த ஊர் திண்டிவனம், படிப்பு எஸ்.எஸ்.எல்.சி. என்று எழுதியிருந்தாள். அதற்கு மேல், சுருண்ட காகிதம் ஒன்றை நீவி ஒட்டியிருந்தாள். ‘கனம் மந்திரி அம்மையார் அவர்கள் சமூகத்துக்கு.’ ஓரத்தில் நான்கு விரல் தடம், மங்கிய மஞ்சளில். அப்பா திருத்திய பழைய நகல்களில் ஒன்று, அடுக்களையில் மஞ்சள் கையோடு எடுத்திருப்பாள் என்று நினைத்தேன்.

கடைசி வரியில் ‘தடுத்தவர்: தங்கச்சி’ என்று எழுதி, தங்கச்சி என்பதை மட்டும் ஒரே கோடாக அடித்திருந்தாள். அவளைக் கேட்காமல் கத்தரிக்கோலை எடுத்ததற்காக என்றைக்கோ என்மேல் கோபித்துக்கொண்டு எழுதியிருப்பாள், அப்புறம் கோபம் ஆறியிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அடித்துவிட்டாளே, அது போதும் என்று நோட்டை மூடிவைத்துவிட்டு, ஒட்டுவதற்குப் படம் தேடி மல்லாட்டைக் கடைக்கு ஓடினேன்.