ஒரு தடவைதான் கேட்டேன்

போன வருஷம் நடந்தது இது. இங்கிலாந்தில் ஆறு வருஷம் நர்ஸாக வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்திருந்தேன். முதல் வாரம். எனக்குத் தெரியாததா என்கிற மிதப்பு கொஞ்சம் ஓவராகவே இருந்தது.

என் வார்டில், வயிற்றில் ஆபரேஷன் முடிந்து ஈரோட்டு மஞ்சள் மண்டிக்காரர் ஒருவர் படுத்திருந்தார். அவர் கூப்பிட்டால் தெருமுனை வரை கேட்குமாம். அன்றைக்கென்னவோ முனகல்தான் வந்தது. "வலிக்குதுங்களா? ஊசி போடட்டுங்களா?" என்றேன். "வேண்டாங்க அம்மணி, உங்களுக்கெதுக்குங்க சிரமம்" என்று சிரித்தார். இங்கிலாந்திலெல்லாம் நோயாளி ஒரு தடவை வேண்டாமென்றால் வேண்டாம்தான். போன புதிதில் ஒருவரை வற்புறுத்தப்போய் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமில்லை! அந்தப் பழக்கத்தில் 'மறுத்துவிட்டார்' என்று கேஸ் ஷீட்டில் அழகாக எழுதிவைத்தேன். மறுநாளும் அதே கதை.

மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் காய்ச்சல். வலிக்குப் பயந்து அவர் இருமவே இல்லை, நெஞ்சில் சளி கட்டுகிறது, இப்படியே விட்டால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும் என்றார் டாக்டர். ஊசி ஏன் போடவில்லை என்று கேட்டார். நான் ஷீட்டை நீட்டினேன்.

பக்கத்தில் நின்ற மண்டிக்காரரின் மனைவிக்கு வந்ததே கோபம்! "ஏனுங்க கண்ணு, ஒருக்காத்தான கேட்டீங்க? ஊட்டுக்கு வந்தவங்க காப்பி வேண்டாம்னா அப்படியே உட்டுருவீங்களா? மனுஷன் பல்லைக் கடிச்சுட்டுக் கெடக்கறாருங்க!"

எனக்குச் சுருக்கென்றது. நானும் பொள்ளாச்சிக்காரிதானே! மூன்றாவது தடவை சொன்ன பிறகு பலகாரத் தட்டைத் தொடுகிற ஊரில் பிறந்துவிட்டு, இதை எப்படி மறந்தேன்? அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால்?

உடனே அவரிடம் திரும்பத் திரும்பக் கேட்டு, தலையாட்டியதும் ஊசி போட்டேன். வலி அடங்கியதும், தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமச் சொன்னேன். "வேண்டாங்க" என்றார். விடுவேனா? மூன்றாவது தடவை சொன்னதும் இருமினார். நாலே நாளில் காய்ச்சல் விட்டு, வராண்டாவில் நடந்துகொண்டே மண்டிக்குப் போன் போட்டு அதட்டினார். வார்டு முழுக்கக் கேட்டது.

வீட்டுக்குக் கிளம்பும்போது அந்தம்மா ஒரு டப்பா கச்சாயப் பலகாரத்தை நீட்டினார். "ஐயோ, வேண்டாங்க" என்றேன்.

"ஒருக்கா ஆச்சுங்க. இன்னும் ரெண்டு தடவை சொல்லிப்போட்டு எடுத்துக்குங்க!"

இருந்தவர்களெல்லாம் சிரித்துவிட்டார்கள். இன்றைக்கும் யாராவது 'வேண்டாங்க' என்று சிரித்தால், பேனாவை மூடிவிட்டு இன்னொரு தடவை கேட்கிறேன். ஆறு வருஷத்தில் நான் கற்றுக்கொண்ட மரியாதையும் மரியாதைதான், ஆனால் நம்ம ஊர்க்காரரை வலியைச் சொல்ல வைக்க அது மட்டும் போதாது.