இரும்பு உறை போட்ட இசைத்தட்டு

என் கணவருக்குப் புனே பக்கம் சாகணில் ஒரு கார் தொழிற்சாலையில் வேலை. நாள் முழுக்கத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் நின்றுவிட்டு, தேஹு ரோட்டில் இருந்த எங்கள் வாடகை வீட்டுக்குக் காது இரைய இரைய வருவார். வந்ததும் கைகால் கழுவிக் காபி குடித்துவிட்டு, ரெக்கார்ட் பிளேயரில் தகடு அடிக்கும் சத்தத்தைப் போட்டுக் கேட்பார். ஐரோப்பாவில் எங்கோ ஒரு குழு. சம்மட்டி, டிரில், வெல்டிங் மெஷின் இவற்றை வைத்தே இசை செய்கிறவர்கள். கம்பெனி சம்பளம் கொடுத்துக் கேட்கவைக்கிற சத்தத்தை, காசு கொடுத்து வாங்கிக் கேட்கிற மனிதருக்கு வாழ்க்கைப்பட்டோமே என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு மழைக்காலத்தில் அந்தக் குழு ஓர் அபூர்வ வினைல் தட்டு வெளியிட்டது. அட்டை உறைக்குப் பதில் சதுரமான இரண்டு கனத்த இரும்புத் தகடுகள், நடுவில் இசைத்தட்டு, மூலைகளில் போல்ட். மூடிக்கிடந்த ஒரு தொழிற்சாலையின் கூரையில் தகடுகளை மழையில் போட்டுத் துருப்பிடிக்க வைத்தார்களாம். ஒவ்வொன்றிலும் துரு ஒவ்வொரு விதமாகப் படருமாம். அதுதான் கலை, அதற்குத்தான் விலை. மூலையில் ஆழமாகக் குத்திய வரிசை எண் வேறு. உலகத்திலேயே சில நூறு பேரிடம்தான் இது இருக்கும் என்று இவர் பெருமைப்பட்டபோது, அவ்வளவு பேரா என்று கேட்டேன்.

தேஹு ரோடு மாதிரி ராணுவ வெடிமருந்துக் கிடங்கு இருக்கிற ஊருக்கு வெளிநாட்டிலிருந்து இரும்புப் பார்சல் வந்தால் தபால்காரர் தொடுவாரா? இவரே தபாலாபீசுக்குப் போய், எல்லாரும் தள்ளி நிற்க, பிரித்துக் காட்டி வாங்கி வந்தார். கூடத்தில் ஸ்டாண்டில் நிறுத்தி, ஈரத்துணி படக்கூடாது என்று எனக்கு உத்தரவு போட்டார்.

அந்தச் சமயத்தில்தான் என் மாமியார் திருநெல்வேலியிலிருந்து வந்தார். மாமனார் போனபின் ஊரில் தனியாக இருந்தவரை எங்களோடேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது இவருடைய தீராத ஆசை. அத்தைக்கோ இருப்புக் கொள்ளவில்லை. வெளியே இந்தியும் மராட்டியும். வீட்டில் நாங்கள் இருவரும் வேலைக்குப் போய்விடுவோம். "சும்மா இருந்து திங்கதுக்கு நான் என்ன விருந்தாளியா? டிக்கெட்டப் போட்டுரு" என்று தினமும் ஆரம்பித்துவிடுவார். இவருடைய இசையை முதலில் கேட்ட அன்று மட்டும், பக்கத்து வீட்டில் போர் போடுகிறார்களே, தண்ணீர் வந்ததா என்று அக்கறையாக விசாரித்தார்.

ஒருநாள் நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டுத் திரும்பியபோது, தோசை வாசம் படிக்கட்டு வரை வந்தது. இவர் முன்பே வந்து உட்கார்ந்து வெளுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். நான் ஒருநாளாவது இப்படி முறுகலாகச் சுட்டதுண்டா என்று குத்திக்காட்டவும் மறக்கவில்லை. பதில் சொல்ல வாயெடுத்தபடி அடுக்களைக்குள் போனேன். அடுப்பில் சதுரமாக ஒரு கல். கிட்டப் போய்ப் பார்த்தேன்; மூலைகளில் போல்ட் துளைகள்.

அத்தைக்கு முகமெல்லாம் பூரிப்பு. "நல்ல கனத்த கல்லு, ஏளா. இப்படியா துருவேற விடுவிய? காலையிலருந்து புளி போட்டுத் தேச்சு, வெங்காயம் வதக்கி, எண்ணெ காட்டிப் பழக்கி எடுத்தேன்" என்றார். இசைத்தட்டு உடையாமல் இருக்கத்தான் இரண்டு தோசைக்கல்லை அண்டக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்பது அவர் கணக்கு. மகனின் ஸ்பேனரை எடுத்துப் போல்ட்டைக் கழற்றி, இசைத்தட்டைக் காகித உறையோடு பீரோவில் பத்திரப்படுத்தியிருந்தார்.

கூடத்தை எட்டிப் பார்த்தேன். கடைசியாகப் போட்ட தோசை பெரிது; கல்லின் மூலைவரை போயிருந்தது. அதன் ஓரத்தில் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பிய எண் ஒன்று புடைத்து நின்றது. இவர் தோசையைத் தூக்கிப் பார்த்தார். ஸ்டாண்டைப் பார்த்தார்; அதில் ஒரு தகடுதான் இருந்தது. எழுந்து வந்து அடுக்களை வாசலில் நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. இவர் ஒரு வார்த்தை கடுமையாகச் சொன்னால் போதும், அத்தை அப்போதே பெட்டியைக் கட்டிவிடுவார்.

"என்னய்யா, இன்னொண்ணு போடட்டா?" என்று அத்தை கரண்டியோடு திரும்பினார்.

வந்ததிலிருந்து அவர் டிக்கெட் என்ற பேச்சையே எடுக்காத நாள் அதுதான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவருக்கும் உறைத்திருக்க வேண்டும். "போடும்மா" என்றார்.

"ஜோடிக் கல்லு ஒண்ணு கெடக்குல்லா? அதையும் நாளைக்குத் தேச்சிருதேன். மாத்தி மாத்திப் போட்டா ரெண்டு பேரும் சூடாத் திங்கலாம்."

அந்த இரண்டாவது தகட்டில் துரு அப்படியே இருந்தது. இவர் அதை எங்காவது ஒளித்து வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலை, கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்புமுன், அதை மடியில் வைத்துச் சற்றுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரே எடுத்துப்போய் அம்மாவிடம் கொடுத்தார்.